முதலில் காற்று, அப்புறம் வாயு, கடைசியில்தான் வெயில்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் ஆண்டறிக்கைகளுக்கு இப்போதெல்லாம் ஒரே மாதிரி அட்டைப்படம்தான். முன்னால் வரிசை வரிசையாகச் சோலார் பலகைகள், பின்னால் எங்கோ மங்கலாகத் தொட்டிகள். தொட்டியில் இருக்கும் பழுப்புத் தண்ணீர் மட்டும் படத்தில் வராதபடி கவனமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். இந்த நிலையங்களின் மின்கணக்கைப் பிரித்து மேய்வது என் பிழைப்பு என்பதால், அட்டையைத் தாண்டி நேராக உள்ளே இருக்கும் அட்டவணைக்குப் போய்விடுவேன். பெரும்பாலும் அங்கே சோலாருக்கு ஒரு வரி இருக்கும். அந்த வரியில் ஒரு சின்ன எண் இருக்கும்.

சோலார் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. வரிசை தப்பாக இருக்கிறதே என்றுதான் எரிச்சல். சுத்திகரிப்பு நிலையத்தின் கரிம உமிழ்வு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. வாங்கும் மின்சாரத்துக்குப் பின்னால் கொஞ்சம், கசடிலிருந்து கசியும் மீத்தேனாகக் கொஞ்சம், காற்றூட்டும் தொட்டியிலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடாகக் கொஞ்சம். ரசாயனங்களும் லாரிகளும் தனி. வெயில் மின்சாரம் இதில் முதல் இனத்தை மட்டும்தான் தொடும்.

பேச்சு வசதிக்காகக் கற்பனையாக ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நாளைக்கு 10 கோடி லிட்டர் கழிவுநீர் வருகிறது. ஆயிரம் லிட்டரைச் சுத்திகரிக்க 0.4 யூனிட் மின்சாரம் ஆகிறது. இந்த வகை நிலையங்களில் 0.3 முதல் 0.6 வரை சகஜம். ஆக, நாளைக்கு 40,000 யூனிட். ஒரு யூனிட்டுக்குப் பின்னால் அரை கிலோ கரியமில வாயு என்று வைத்தால், மின்சாரத்தின் பங்கு நாளைக்கு 20 டன். இந்த 20 டன்னை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 40,000 யூனிட் எங்கே போகிறது? பாதிக்கு மேல் காற்று ஊதத்தான். 1914-இல் எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் மான்செஸ்டரில் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். கழிவுநீருக்குள் காற்றை ஊதி, அடியில் படியும் கசடைத் தூக்கி எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், சுத்திகரிப்பு சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கசடில் இருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன, தின்பதற்கு அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். நூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் உலகின் பெரிய நிலையங்களில் பெரும்பாலானவை இதே கொள்கையில்தான் ஓடுகின்றன. பம்ப் செய்வது முதல் சுத்திகரிப்பது வரை சேர்த்தால், உலக மின்சாரத்தில் சுமார் 1 சதவீதம் கழிவுநீருக்கே போய்விடுகிறது.

காற்று ஊதுவதில் ஒரு விசித்திரம் உண்டு. தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் ஆக்சிஜன் கூடக்கூட, மேலும் கரைப்பது கடினமாகிக்கொண்டே போகும். நிரம்பிய பஸ்ஸில் ஆள் ஏற்றுவது மாதிரி. தொட்டித் தண்ணீர் லிட்டருக்கு அதிகபட்சம் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்று வைப்போம். அளவை 2-இல் வைத்திருந்தால் மீதி இடைவெளி 6. அதையே 4-க்கு ஏற்றினால் இடைவெளியும் 4 ஆகச் சுருங்கிவிடும். அதே அளவு ஆக்சிஜனை உள்ளே செலுத்த ஒன்றரை மடங்கு காற்று வேண்டும். நுண்ணுயிர்களுக்கு இதனால் கிடைக்கும் கூடுதல் பலன் சொற்பம்.

இப்படி யாரும் வேண்டுமென்றே செய்வதில்லை. காற்று ஊதும் இயந்திரமான புளோயரை வாங்கும்போது, இருபது ஆண்டு கழித்து வரப்போகும் மக்கள்தொகைக்குச் சேர்த்துப் பெரிதாக வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பெரிய இயந்திரத்தை ஓரளவுக்கு மேல் மெதுவாக ஓட்ட முடியாது. நள்ளிரவில் வரத்து குறைந்த பிறகும் அது தன் குறைந்தபட்சக் காற்றை ஊதிக்கொண்டேதான் இருக்கும். தொட்டியில் ஆக்சிஜன் 5, 6 என்று ஏறும், ஆபரேட்டர் என்ன செய்வார், பாவம்? இன்னொரு பக்கம் தொட்டியின் அடியில் காற்றைச் சிறு குமிழிகளாக்கி விடும் டிஃப்யூசர் சவ்வுகள் வயதாக ஆக இறுகிப்போகும், அழுக்கும் ஏறும். குமிழி பெரிதாகிவிடும், பெரிய குமிழி ஆக்சிஜனைக் கொடுக்காமலே மேலே ஓடிவிடும். பார்க்க நன்றாகக் கொதிப்பது போல இருப்பதால் வருகிறவர்கள் எல்லாம் 'அடேயப்பா, நல்ல வேலை நடக்கிறது' என்று நினைத்துப் போவார்கள்.

சிறிய புளோயர் ஒன்றைக் கூடுதலாக வைப்பது, சவ்வுகளை மாற்றுவது, தண்ணீரில் மிச்சமிருக்கும் அம்மோனியாவை அளந்து அதற்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைப்பது. இவற்றில் எதற்கும் அட்டைப்படம் கிடைக்காது. ஆனால் காற்றூட்டல் மின்சாரத்தில் 10 முதல் 20 சதவீதம் இதிலேயே மிச்சமாவது அபூர்வமில்லை. மிச்சமாகும் யூனிட்டுக்குப் பலகை வேண்டாம், நிலம் வேண்டாம், வெயிலும் வேண்டாம்.

அடுத்தது, கழிவுநீருக்குள்ளேயே இருக்கும் ஆற்றல். அழுக்கின் அளவை, அதை முழுக்க ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற கணக்கில் அளப்பார்கள். நிலையங்களில் தினமும் பேசப்படும் சிஓடி அதுதான். வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்பது சாதாரணம். ஒரு கிலோ சிஓடிக்குள் ஏறத்தாழ 4 யூனிட் வேதி ஆற்றல் அடங்கியிருக்கிறது. அப்படியானால் ஆயிரம் லிட்டர் கழிவுநீருக்குள் சுமார் 2 யூனிட். அதைச் சுத்தம் செய்ய நாம் செலவழிப்பதோ 0.4. கையில் வரும் எரிபொருளை அழிப்பதற்குக் காசு கொடுத்து மின்சாரம் வாங்குகிறோம் என்பதுதான் இந்தத் துறையின் பழைய வேடிக்கை.

அந்த 2 யூனிட்டையும் திரும்ப எடுக்க முடியாது. நம் கற்பனை நிலையத்துக்கு நாளைக்கு 50 டன் சிஓடி வருகிறது. முதல்நிலைத் தொட்டியில் படிவதையும் பிறகு கழித்தெடுக்கும் நுண்ணுயிர்க் கசடையும் சேர்த்தால், அதில் பாதிக்குச் சற்று மேல் டைஜஸ்டருக்குப் போகும். காற்றில்லாத அந்தத் தொட்டியில், போனதில் ஏறக்குறைய பாதி வாயுவாக மாறும். 13 டன் சொச்சம். ஒரு கிலோவுக்கு 0.35 கனமீட்டர் மீத்தேன், ஆகச் சுமார் 4,700 கனமீட்டர். ஒரு கனமீட்டருக்கு 10 யூனிட் வெப்பம், கேஸ் எஞ்சின் அதில் 38 சதவீதத்தை மின்சாரமாக்கும். கடைசியில் கையில் நிற்பது நாளைக்குச் சுமார் 18,000 யூனிட். நிலையத்தின் தேவையில் 45 சதவீதம்! எஞ்சினின் வெப்பம் டைஜஸ்டரைச் சூடாக வைத்திருக்கப் போதும்.

மீதி 55 சதவீதத்தையும் எட்டிப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் ஸ்ட்ராஸ் என்ற ஊரில் ஒரு நிலையம். பனிச்சறுக்குப் பயணிகள் வருவதால் குளிர்காலத்தில் அங்கே சுமை பல மடங்கு ஏறும், கோடையில் இறங்கும். 2005-இல் அந்த நிலையம் தன் தேவையைவிட 8 சதவீதம் அதிகமாக மின்சாரம் தயாரித்தது. அங்கே ஒரு சோலார் புரட்சியும் நடக்கவில்லை. அழுக்கைக் காற்றால் எரிப்பதற்கு முன்பே முடிந்த அளவு பிடித்து டைஜஸ்டருக்கு அனுப்பினார்கள். அதனால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: வாயு கூடுகிறது, ஊதவேண்டிய காற்று குறைகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அழுக்கில் இருக்கும் கார்பனை முன்கூட்டியே எடுத்துவிட்டால், நைட்ரஜனை நீக்கும் பாக்டீரியாக்களுக்குப் பின்னால் சாப்பாடு இருக்காது. இங்கேதான் அனமாக்ஸ் பாக்டீரியாக்கள் கைகொடுத்தன. அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் சேர்த்து நேராக நைட்ரஜன் வாயுவாக்கும் இவற்றுக்குக் கார்பன் தேவையில்லை. அம்மோனியாவில் ஒரு பங்கை நைட்ரைட்டாக மாற்ற மட்டும் கொஞ்சம் காற்று போதும். நெதர்லாந்தில் 1990-களில் அடையாளம் காணப்பட்டவை; ராட்டர்டாமில் 2002-இல் முதல் முழு அளவு உலை ஓடத் தொடங்கியது. கசடைப் பிழியும்போது வரும் அம்மோனியா நிறைந்த நீருக்கு ஸ்ட்ராஸ் நிலையத்திலும் இதைத்தான் பயன்படுத்தினார்கள்.

வெளியிலிருந்து எரிபொருள் கொண்டுவந்து சேர்ப்பது இன்னொரு வழி. அமெரிக்காவில் ஓக்லண்டு நிலையத்தில் டைஜஸ்டர்களில் இடம் மிச்சம் இருந்தது. உணவுக்கழிவு, எண்ணெய்க் கொழுப்பு, ஒயின் ஆலைக் கழிவு என்று லாரியில் வாங்கிப் போட்டு, 2012-இல் தன் தேவைக்கு மேல் மின்சாரம் தயாரிக்கும் நிலைக்கு வந்தது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் இருக்கும் மார்செலிஸ்போர்க் நிலையம் வெளிக்கழிவு இல்லாமலே உபரி காட்டுகிறது. மிச்ச வெப்பத்தை நகரின் வெப்பக் குழாய்களுக்குக் கொடுக்கிறது. வாஷிங்டனின் புளூ பிளெய்ன்ஸ் நிலையம் கசடை டைஜஸ்டருக்கு அனுப்பும் முன் அழுத்த நீராவியில் வேகவைக்கிறது. வெந்த கசடு சீக்கிரம் செரிக்கிறது.

ஷாம்பு, கிரீம்களில் இருக்கும் சிலிக்கான் சேர்மங்கள் பற்றியும் ஒரு வார்த்தை. இவை சாக்கடை வழியாகக் கசடுக்குள் புகுந்து, அங்கிருந்து வாயுவோடு சேர்ந்து எஞ்சினுக்குப் போகும். எரிந்ததும் சிலிக்காவாகி, பிஸ்டன் மீதும் வால்வு மீதும் வெள்ளைப் படலமாகப் படியும். ஏறக்குறைய மணல்தான் அது. வாயுவை வடிகட்டாமல் எஞ்சினுக்கு விட்டுவிட்டு, சில மாதத்தில் 'எஞ்சின் சரியில்லை' என்று கம்பெனியைத் திட்டும் இடங்கள் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு செய்யும் அரிப்பு இதற்கு மேல். எஞ்சின் நின்றால் வாயு சும்மா எரித்து விடப்படும். நின்ற எஞ்சின் அறிக்கையில் 'நிறுவப்பட்ட திறன்' என்ற பத்தியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

இதுவரை சொன்னது நல்ல செய்தி. மீத்தேன் கசிவுக்கு வருவோம். மீத்தேன் எரிந்தால் மின்சாரம். எரியாமல் தப்பினால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 28 மடங்கு சூடேற்றும். நம் நிலையத்தில் நாளைக்கு உருவாகும் மீத்தேன் சுமார் 3.4 டன் எடை. அதைக்கொண்டு தயாரிக்கும் 18,000 யூனிட், 9 டன் கரியமில வாயுவைத் தவிர்க்கிறது. உருவானதில் 5 சதவீதம் கசிந்தாலே அது 4.7 டன்னுக்குச் சமம், அதாவது லாபத்தில் பாதி போச்சு. 10 சதவீதம் கசிந்தால் எல்லாமே போச்சு.

இது பயமுறுத்தல் கணக்கு இல்லை. நெதர்லாந்தின் கிராலிங்சேவேர் நிலையத்தில் நீண்ட காலம் அளந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சொன்னது. வாயுவை எரித்து மின்சாரம் எடுத்ததால் தவிர்த்த கரியமில வாயுவைவிட, அந்த நிலையத்திலிருந்து வெளியேறிய மீத்தேனின் தாக்கம் அதிகம். அதில் பெரும்பகுதி கசடு கெட்டியாக்கும் தொட்டி, செரித்த கசடைத் தேக்கும் தொட்டி போன்ற, கசடோடு சம்பந்தப்பட்ட இடங்களிலிருந்து வந்தது. டைஜஸ்டரை விட்டு வெளியே வந்ததும் கசடு வாயு விடுவதை நிறுத்திக்கொள்வதில்லை. அதை மூடியில்லாத தொட்டியில் ஆற வைத்தால், கஷ்டப்பட்டுத் தயாரித்த வாயு வானத்துக்குப் போகும். எஞ்சினின் புகைக்குழாயிலும் எரியாத மீத்தேன் கொஞ்சம் தப்பும். மூடி போடுவது, மூடியின் கீழ் சேர்வதை உறிஞ்சி எடுப்பது, கசிவு கண்டுபிடிக்கும் கேமராவோடு ஆண்டுக்கு ஒரு தடவையாவது சுற்றிவருவது ஆகியவற்றைத்தான் பயோகேஸ் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதவேண்டும் என்பேன்.

மீத்தேனைவிடப் பெரிய ஆள் நைட்ரஸ் ஆக்சைடு. பல் டாக்டர் கொடுக்கும் சிரிப்பு வாயு. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டின்படி கரியமில வாயுவைப் போல 273 மடங்கு. கழிவுநீரில் இருக்கும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக்கி, பிறகு நைட்ரஜன் வாயுவாக்கும் வழியில், வேலை பாதியில் தடுமாறினால் இது வெளியேறும். ஆக்சிஜன் போதாமல் போனாலோ, நைட்ரைட் தேங்கினாலோ, கடைசிப் படியில் கார்பன் பற்றாக்குறை வந்தாலோ தடுமாற்றம்தான்.

இதைச் சாதாரண நிலையத்தில் அளப்பது பெரும்பாடு. தொட்டிகள் திறந்தவெளியில் ஏக்கர் கணக்கில் விரிந்திருக்கும், வாயு எங்கிருந்து எவ்வளவு வருகிறது என்று யார் பிடிப்பது? ஹெல்சிங்கியின் வீக்கின்மாகி நிலையத்துக்கு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டம். 1994 முதல் இயங்கும் அந்த நிலையம் முழுக்கப் பாறைக்கு அடியில் குடையப்பட்டது. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் புகைபோக்கி வழியாகத்தான் வெளியேறும், அங்கேயே கருவியை வைத்துத் தொடர்ந்து அளந்தார்கள். வரும் நைட்ரஜனில் 1.9 சதவீதம் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்று தெரிந்தது. ஐபிசிசி 2019-இல் திருத்திய வழிகாட்டியில் இப்படிப்பட்ட நிலையங்களுக்குப் பொதுவாகக் கொடுத்த எண் 1.6 சதவீதம். 2006 வழிகாட்டியில் இருந்ததோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம்.

அந்த 1.6-ஐ நம் நிலையத்தில் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 4 டன் நைட்ரஜன் வருகிறது. அதில் 64 கிலோ நைட்ரஸ் ஆக்சைடாகிறது. ஆக்சிஜன் எடையையும் சேர்த்தால் 100 கிலோ வாயு. 273-ஆல் பெருக்கினால் 27 டன்னுக்கு மேல். மின்சாரத்தின் பங்கு 20 டன் என்று மேலே பார்த்தோம். நிலையத்தின் மின்சாரம் முழுவதையும் வெயிலிலிருந்தே எடுத்தாலும், அதைவிடப் பெரிய உமிழ்வு அப்படியே நிற்கும்.

சங்கடம் இதோடு முடியவில்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று காற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால், ஆக்சிஜன் பற்றாமல் நைட்ரஸ் ஆக்சைடு கூடலாம். சற்று முன் புகழ்ந்த அனமாக்ஸ் உலைகளும் கவனமில்லாமல் ஓட்டினால் நிறையவே விடும். கரண்ட் பில் இறங்கி, உமிழ்வு ஏறிய நிலையம் ஒன்று 'பசுமை' விருது வாங்கினாலும் ஆச்சரியப்பட மாட்டேன். காற்றைக் குறைக்கச் சொல்கிறவர்கள், நான் உட்பட, தொட்டிக்குள் நைட்ரஸ் ஆக்சைடு அளக்கும் சென்சர் ஒன்றையும் சேர்த்து இறக்கச் சொல்லவேண்டும். ஒரு பருவத்தில் எகிறி இன்னொரு பருவத்தில் அடங்கும் வாயு இது. ஒருநாள் வந்து மாதிரி எடுத்துப் போவதால் பிரயோஜனம் கிடையாது.

இப்போது வெயிலுக்கு வரலாம். நல்ல வெயில் படும் இடத்தில் ஒரு கிலோவாட் பலகை நாளைக்கு 4 யூனிட் சொச்சம் தரும். 40,000 யூனிட் வேண்டுமானால் 9 முதல் 10 மெகாவாட். தரையில் பரப்பினால் மெகாவாட்டுக்கு இரண்டரை ஏக்கருக்குக் குறையாது, மொத்தம் 25 ஏக்கர். அவ்வளவு பெரிய நிலையங்களில் பலவற்றுக்கு மொத்த மனையே அதற்கு மேல் பெரிதாக இருக்காது. தொட்டிகள் மேல் போடலாமே என்பார்கள். படிவுத் தொட்டியில் கசடைச் சுரண்டும் பாலம் சுற்றிக்கொண்டே இருக்கும். காற்றூட்டும் தொட்டியில் டிஃப்யூசரைத் தூக்கக் கிரேன் வரவேண்டும். சல்பைடு காற்று பட்டால் சட்டமும் நட்டும் அரிக்கும். சில நிலையங்களில் செய்திருக்கிறார்கள், நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் முழுத் தேவையை அல்ல, ஒரு பங்கைத்தான் அது கொடுக்கிறது. பெரிய குளங்கள் வைத்து இயங்கும் சிறு ஊர் நிலையங்களின் கதை வேறு. அங்கே நிலமும் நீர்ப்பரப்பும் உண்டு, மின்தேவையும் குறைவு. மிதக்கும் பலகைகள் பாசியையும் கொஞ்சம் அடக்கும்.

வெயிலின் நேரமும் பார்க்கவேண்டும். நுண்ணுயிர்கள் இரவெல்லாம் மூச்சு விடுபவை. வீடுகளில் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஓடும், சோலாரோ நண்பகலில்தான் உச்சத்துக்கு வரும். பெரிய நகரங்களில் குழாய் நீளம் ஒரு உதவி செய்கிறது. காலை வெள்ளம் நிலையத்துக்கு வந்து சேர்வதற்குள் சில இடங்களில் நண்பகல் நெருங்கிவிடும். கசடு பிழியும் இயந்திரத்தையும் சுத்திகரித்த நீரை ஏற்றும் பம்ப்பையும் வெயில் நேரத்துக்குத் தள்ளிவைக்கலாம். எனக்குப் பிடித்த ஏற்பாடு, பயோகேஸைப் பகலில் வாயுத்தொட்டியில் சேர்த்து வைத்து, சூரியன் சாய்ந்ததும் எஞ்சினை ஓட்டுவது. நிலையத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் தொட்டியே மாலைநேர மின்சாரத்தின் சேமிப்பாகிவிடுகிறது. வெயிலும் வாயுவும் ஒன்றுக்கொன்று போட்டி என்று தனித்தனி டெண்டர் விடும்போது இது யார் கண்ணிலும் படுவதில்லை.

சரிவு இருந்தால் தண்ணீரின் வீழ்ச்சியும் ஒரு மின்நிலையம்தான். ஜோர்டானின் அஸ்-சம்ரா நிலையத்துக்கு அம்மானிலிருந்து கழிவுநீர் மேட்டிலிருந்து இறங்கி வருகிறது. உள்ளே வரும் வழியிலும் சுத்தமாகி வெளியேறும் வழியிலும் டர்பைன் வைத்திருக்கிறார்கள். பயோகேஸையும் சேர்த்துத் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை அதுவே தயாரிக்கிறது.

வெப்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. ஆயிரம் லிட்டர் சுத்திகரித்த நீரை 5 டிகிரி குளிர்வித்தால் 5.8 யூனிட் வெப்பம் கிடைக்கும். அதே நீரில் இருந்த அழுக்கின் மொத்த வேதி ஆற்றலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு! ஸ்டாக்ஹோமின் ஹம்மார்பி ஆலை 1980-களிலிருந்து சுத்திகரித்த கழிவுநீரின் வெப்பத்தை ஹீட் பம்ப் வழியாக எடுத்து வீடுகளுக்குக் கொடுக்கிறது. குளிர் நாட்டுக்கும், பக்கத்தில் வெப்பம் கேட்கும் ஆலை இருக்கும் இடத்துக்கும்தான் இது சரிப்படும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் திருத்திய நகரக் கழிவுநீர் நெறிமுறை, 10,000 பேருக்குச் சமமான சுமையும் அதற்கு மேலும் உள்ள நிலையங்கள் எல்லாம் சேர்ந்து, தாங்கள் செலவழிக்கும் ஆற்றலுக்கு ஈடாகப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை ஆண்டுக் கணக்கில் தயாரிக்கவேண்டும் என்கிறது. 2030-க்குள் 20 சதவீதம், 2035-க்குள் 40, 2040-க்குள் 70, 2045-இல் முழுவதும். நல்ல இலக்குதான், அழுத்தமில்லாமல் எதுவும் நகராது. ஆனால் அந்த இலக்கு ஆற்றல் கணக்கில் இருக்கிறது. நம் கற்பனை நிலையம் அதை 100 சதவீதம் எட்டிவிட்டு, மறுபக்கம் நாளைக்கு 27 டன்னுக்குச் சமமான நைட்ரஸ் ஆக்சைடை விட்டுக்கொண்டிருக்க முடியும்.

அதனால் இப்போது எந்த நிலையத்தின் அறிக்கை கையில் கிடைத்தாலும், நைட்ரஸ் ஆக்சைடு வரியைத்தான் முதலில் தேடுகிறேன். பல அறிக்கைகளில் அந்த வரியே இருக்காது. இருந்தால், அது அளந்த எண்ணா, பெருக்கிப் போட்ட எண்ணா என்று பார்ப்பேன். வந்த நைட்ரஜனை 1.6 சதவீதத்தால் பெருக்கி எழுதியிருந்தால், அந்த எண் ஊரின் மக்கள்தொகைக்கு ஏற்பத்தான் ஏறும் இறங்கும். ஆபரேட்டர் காற்றைச் சரியாக வைத்து உமிழ்வைப் பாதியாகக் குறைத்தாலும் அடுத்த ஆண்டு அறிக்கையில் அது அசையாது. மோசமாக ஓட்டி இரட்டிப்பாக்கினாலும் அசையாது.